ஒரே ரத்தம்தானே

பிப்ரவரி 6

அக்கா,

நீ போனை எடுப்பதில்லை, அதனால் எழுதுகிறேன். கண்ணாடிக் கடை ரசீதில் பவர் எண்களைக் கிறுக்குவதைத் தவிர நான் பேனா பிடித்து எவ்வளவோ காலமாகிறது. கையெழுத்தைப் பார்த்துச் சிரிக்காதே. சிரித்தாலும் சரி, சிரித்தாய் என்று யாராவது சொன்னால் எனக்கு அதுவே போதும்.

நேற்று அத்தான் கடைக்குப் போன் செய்தார். ஒரு வாடிக்கையாளரின் காதுக்குச் சரியாக வர, கண்ணாடிக் காம்பைச் சூடுகாட்டி வளைத்துக்கொண்டிருந்தேன். "எலும்புக்குப் போயிடுச்சும்மா" என்றார். எனக்கு விளங்கவில்லை. யாரோ விழுந்து காலை உடைத்துக்கொண்டார்கள் என்று நினைத்து, "யாருக்கு அத்தான்?" என்று கேட்டேன். அவர் மூக்கை உறிஞ்சினார். உன் புற்றுநோய் எலும்புவரை பரவிவிட்டது என்று அப்போதுதான் புரிந்தது. காம்பு கையிலேயே முறிந்துவிட்டது.

அதோடு விட்டிருந்தால் தாங்கியிருப்பேன். "அந்த ஆராய்ச்சிக்காரங்க எடுத்த படத்துல ஒண்ணுமே இல்லைன்னுதானே வந்துச்சு? அப்புறம் எப்படிம்மா இவ்வளவு முத்திப்போச்சு?" என்று என்னிடமே கேட்டார். நீ அவரிடம் இன்னும் சொல்லவில்லை என்று தெரிந்தது. நான் என்ன சொல்ல? "லைன் சரியில்லை அத்தான்" என்று வைத்துவிட்டேன்.

அந்த ஆராய்ச்சிக்கு நம்மை இழுத்துக்கொண்டு போனது நான்தான், அக்கா. ஒரே அச்சில் வார்த்த இரட்டையர் வேண்டும், ரத்தம் கொடுத்தால் மார்பகப் படமும் இலவசமாக எடுத்துத் தருவோம் என்று கடைக்குப் பக்கத்துச் சுவரில் ஒட்டியிருந்தார்கள். நமக்காகவே ஒட்டியதுபோல இருந்தது. அன்று உனக்கு ஓட்டலில் லீவு கிடைக்கவில்லை. போதாததற்கு ஊசி என்றாலே உனக்கு மயக்கம். "ஒரே ரத்தம்தானேடி, எனக்கும் சேர்த்து நீயே போயிட்டு வா" என்று உன் அடையாள அட்டையை என் கையில் திணித்தாய். எனக்கும் பள்ளிக்கூடத்தில் உனக்காகப் பரீட்சை எழுதிய ஞாபகம் வந்து குஷியாகிவிட்டது. காலையில் நானாகப் போனேன், மதியம் கடையிலிருந்து வேறு கண்ணாடிப் பிரேமை மாட்டிக்கொண்டு நீயாகப் போனேன். "அக்காவும் தங்கையும் அச்சு அசல்!" என்று அங்கிருந்த பெண் வியந்தாள். ரத்தம் என்றுதான் நாம் இருவரும் யோசித்தோம். படம் என்று யோசிக்கவே இல்லை.

கடையில் லீவு சொல்லிவிட்டேன். நான் வரட்டுமா? உன் பக்கத்தில் ஒரு மூலையில் உட்கார்ந்திருக்கிறேன், வாயைத் திறக்கவே மாட்டேன்.

உன்
வாலு

*

பிப்ரவரி 17

வாலு,

வராதே.

ஒரு வார்த்தையில் முடித்து ஒட்டிவிடலாம் என்றுதான் நினைத்தேன். முடியவில்லை. நீ வாயைத் திறக்காமல் உட்கார்ந்திருப்பாயாம். அம்மா போனபோதுகூட உன்னால் அது முடியவில்லை.

போனை ஏன் எடுப்பதில்லை என்று அத்தான் உன்னைக் கேட்டிருப்பார், நீயும் கோபம் என்று சொல்லியிருப்பாய். கோபம்தான். ஆனால் அது மட்டுமில்லை. போனில் வருவது என் குரல். மூச்சு வாங்காத, வலி இல்லாத என் குரல். அதைக் காதில் வைத்துக் கேட்டுப் பார், அப்போது தெரியும். நேரில் வந்தால் இன்னும் மோசம். எனக்கு முடி போய்விட்டது, புருவமும் போய்விட்டது. முகம் பார்க்கும் கண்ணாடியைத் துண்டால் மூடச் சொல்லிவிட்டேன். நீ வந்து நின்றால் துண்டை எடுத்த மாதிரி ஆகிவிடும். நான் எப்படி இருந்திருப்பேன் என்று நீ என் கட்டிலருகே நின்று காட்ட வேண்டாம்.

உன் கடிதத்தில் ஒன்றை விட்டுவிட்டாய். அந்த ரிப்போர்ட் வந்த நாளை. மேலே என் பேர், கீழே "சந்தேகப்படும்படி எதுவும் இல்லை" என்று எழுதியிருந்தது. அதைப் பிரிட்ஜ் கதவில் ஒட்டி வைத்திருந்தேன், ஞாபகமிருக்கிறதா? என் பெண் குட்டி பரிசு வாங்கிய படத்துக்குப் பக்கத்தில். பிறகு குளிக்கும்போது விரலில் ஒன்று தட்டுப்பட்டது. பட்டாணி அளவுகூட இல்லை. சமையலறைக்குப் போய்த் தண்ணீர் எடுக்கக் கதவைத் திறந்தேன், காகிதம் கண்ணில் பட்டது. நல்லா இருக்கிறது என்று பெரிய மருத்துவமனையே எழுதிக் கொடுத்துவிட்டது, நான் என்னத்துக்கு அலட்டிக்கொள்ள வேண்டும் என்று வேலைக்குப் போய்விட்டேன். ஒவ்வொரு மாதமும் கதவைத் திறந்தேன், ஒவ்வொரு மாதமும் அது நல்லா இருக்கிறது என்றே சொன்னது. யாருடைய மார்பு நல்லா இருந்தது? உன்னுடையது.

ஓட்டலில் துணி அறைக்கு நான் பொறுப்பாக இருந்தேனே, அங்கே ஒரு விதி வைத்திருந்தேன். மேல் விரிப்பைப் பார்த்து அடுக்கு முழுவதும் சுத்தம் என்று கையெழுத்துப் போடக்கூடாது, ஒவ்வொன்றையும் பிரித்துப் பார்க்க வேண்டும். புதுசாக வரும் பெண்களிடம் அதற்காக எவ்வளவு கத்தியிருக்கிறேன்! என் விஷயத்தில் நானே பிரித்துப் பார்க்கவில்லை.

முழுப் பழியையும் உன்மேல் போட்டுவிட்டால் நிம்மதியாகத் திட்டலாம். அட்டையை உன் கையில் திணித்தது என் கைதான். அதனால் அதுவும் முடியவில்லை. அந்த எரிச்சல்தான் எனக்குத் தாங்கவில்லை.

அத்தானிடம் நான் சொல்லிக்கொள்கிறேன். நீ வராதே.

அக்கா

*

மார்ச் 3

அக்கா,

நீ வராதே என்றாய், வரவில்லை. ஆனால் சும்மா இருக்க முடியவில்லை. லீவு போட்ட நாளில் அந்த ஆராய்ச்சி டாக்டரம்மாவைப் போய்ப் பார்த்தேன்.

சின்ன அறை. சுவர் முழுக்கக் கோப்புகள், மேசையில் பாதி குடித்த காபி. நம் எண்ணைச் சொன்னதும் எழுந்து வந்து என் இரண்டு கையையும் பிடித்துக்கொண்டாள். "உங்களைத்தான் தேடிட்டு இருக்கோம். அக்காவோட நோய் ஆஸ்பத்திரிப் பதிவுல வந்துச்சு. ஒரே மரபணு, ஒருத்தருக்கு நோய் வந்திருக்கு, ஒருத்தருக்கு வரல. எங்களுக்கு இந்த மாதிரி ஜோடி கிடைக்கிறது ரொம்ப அபூர்வம்" என்றாள். நீ படுத்திருப்பது ஒருத்திக்கு அபூர்வமாக இருக்கிறது என்று ஆத்திரம் வந்தது. அந்த ஆத்திரத்திலேயே எல்லாவற்றையும் போட்டு உடைத்தேன்.

அவள் நம் கோப்பை எடுத்துப் புரட்டினாள். பிறகு, "ரத்தத்துல நாங்க கண்டுபிடிச்சிருக்கவே முடியாது. ரெண்டும் ஒரே மாதிரி இருக்கணும், ஒரே மாதிரிதான் இருந்துச்சு" என்றாள். நம் பொய்க்கு நம் ரத்தமே சாட்சி சொல்லியிருக்கிறது, பார்த்தாயா. நம் இருவரையும் கணக்கிலிருந்து எடுத்துவிடுவதாகச் சொன்னாள். திட்டுவாள் என்று எதிர்பார்த்தேன். திட்டாமல், "அக்கா எப்படி இருக்காங்க?" என்று கேட்டாள். அதற்குத்தான் அழுதேன்.

எதைத் தேடித்தான் இத்தனை பேரிடம் ரத்தம் எடுத்தீர்கள் என்று கேட்டேன். எனக்குப் புரிந்த அளவில் சொல்கிறேன். ஈஸ்ட்ரோஜன் என்று ரத்தத்தில் ஒரு ஹார்மோன் ஓடுகிறதே, அது சும்மா ஓடினால் ஒன்றும் ஆகாதாம். செல்லுக்குள் அதைப் பிடித்துக்கொள்ள ஒன்று இருக்கிறது, அதற்கு ஏற்பி என்று பேர். பிடித்த பிறகுதான் வளரச் சொல்லும் கட்டளை செல்லுக்குப் போகிறது. அந்த ஏற்பியைச் செய்யும் மரபணு ஆளுக்கு ஆள் கொஞ்சம் மாறியிருக்கும். அப்படி மாறியிருப்பவர்களுக்குப் புற்றுநோய் கூடுதலாக வருகிறதா? இதுதான் அவர்கள் கேள்வி.

"வருதா?" என்று கேட்டேன்.

"ஒரு மாறுதல்ல ஏதோ இருக்கிற மாதிரி தெரிஞ்சுது. வேற ஊர்க்காரங்க ரத்தத்தையும் சேர்த்துப் பார்த்தோம், அதுவும் கரைஞ்சு போச்சு. அப்படியே இருந்தாலும் ரொம்பச் சின்னது. உனக்கு வரும், உனக்கு வராதுன்னு ஒரு ஆளைப் பார்த்துச் சொல்ற அளவுக்கு அதுல எதுவும் இல்லைம்மா."

"அப்போ எங்க அக்காவுக்கு மட்டும் ஏன்?"

அவள் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தாள். துடைக்க அதில் அழுக்கே இல்லை, எனக்குத் தெரியாதா? "தெரியாது" என்றாள்.

அவ்வளவு படித்தவள் வாயிலிருந்து அந்த ஒரு சொல்லைக் கேட்கவா அவ்வளவு தூரம் போனேன் என்று இருந்தது. ரத்தத்தின்மேல் பழியைப் போடலாம் என்று நம்பிப் போனேன். அதற்கும் வழியில்லை. என்னையும் உடனே படம் எடுத்துக்கொள்ளச் சொன்னாள். சரி என்றேன்.

அத்தானிடம் சொன்னாயா? என்ன சொன்னார்?

வாலு

*

மார்ச் 15

வாலு,

சொன்னேன். அத்தான் மொட்டை மாடிக்குப் போய்க் காய்ந்த துணியை எல்லாம் அள்ளிக்கொண்டு வந்து, என் எதிரே உட்கார்ந்து மடிக்க ஆரம்பித்தார். தலையணை உறையைக்கூட நான்காக மடித்தார். ஒன்றாவது நேராக இருக்க வேண்டுமே! கல்யாணமான நாளிலிருந்து நான் மடித்த மடிப்பைப் பார்த்துக்கொண்டுதானே இருந்தார். திருத்தலாம் என்று கை நீட்டினேன், அப்படியே என் கையைப் பிடித்துக்கொண்டார். "ரெண்டு பேருமே பைத்தியங்கடி" என்றார். அவ்வளவுதான். உன்மேல் அவருக்குக் கோபம் இல்லை. எனக்குத்தான் அது கொஞ்சம் ஏமாற்றமாக இருந்தது.

உன் டாக்டரம்மா சொன்னது எனக்குக் குழப்பமாக இருக்கிறது. என் கட்டியில் ஏற்பி இருக்கிறது, அதனால்தான் இந்த மாத்திரை என்று என் டாக்டர் முதல் நாளே சொன்னார். உன் ஆளோ ஏற்பியில் ஒன்றுமே இல்லை என்கிறாள். யார் சொல்வது சரி? எனக்காகக் கேட்கவில்லை. எனக்கு இனி எது சரியாக இருந்தால் என்ன? குட்டிக்காகக் கேட்கிறேன். குடும்பத்தில் இறங்கிவரும் அந்தப் பெரிய மரபணுக்கோளாறு எனக்கு இல்லை என்று டாக்டர் முன்பே சோதித்துச் சொல்லிவிட்டார். அப்படியும் மனசு கேட்கவில்லை. அவள் குளித்துவிட்டு வரும்போதெல்லாம் நான் அவள் முகத்தையே பார்க்கிறேன். "என்னம்மா?" என்கிறாள். ஒன்றுமில்லை என்கிறேன்.

அவளைப் பற்றி ஒன்று சொல்ல வேண்டும். போன வாரம் நீ அத்தானுடன் போனில் பேசினாயே, ஸ்பீக்கரில் போட்டிருந்தார். குட்டி கல்லூரியிலிருந்து வந்தவள், செருப்பைக்கூடக் கழற்றாமல் கதவருகே நின்றுவிட்டாள். நான்தான் எழுந்து நடமாடிப் பேசுகிறேன் என்று நினைத்தாளாம். ஓடிவந்து அறைக்குள் எட்டிப் பார்த்தாள். நான் படுத்திருந்தேன். அவள் முகம் மாறியதைப் பார்த்தேன். அதனால்தான் சொல்கிறேன், வராதே என்று.

இப்போது உன் விஷயம். "சரி என்றேன்" என்று எழுதியிருக்கிறாய். போனேன் என்று எழுதவில்லை. என்னை ஏமாற்றலாம் என்று பார்க்கிறாயா? உன் வயிற்றுவலிக்கு நான் மருந்து குடித்து வளர்ந்தவள். நீ போகவில்லை. பயந்துகொண்டு கடையில் உட்கார்ந்து ஊராருக்கு லென்ஸ் மாட்டிக்கொண்டிருக்கிறாய்.

போ. இந்த முறை நீயாகப் போ. உன் பேரைச் சொல், உன் அட்டையைக் காட்டு. படம் எடுக்காமல் எனக்கு இனி ஒரு வரிகூட எழுதாதே. எழுதினால் பிரிக்காமல் திருப்பி அனுப்புவேன்.

அக்கா

*

மார்ச் 28

அக்கா,

பிரிக்கலாம். எடுத்துவிட்டேன்.

முதலில் உன் குழப்பத்துக்குப் பதில். டாக்டரம்மாவிடம் போனில் கேட்டுவிட்டேன். இரண்டு பேர் சொல்வதும் சரிதானாம், இரண்டும் வேறு வேறு சங்கதி. உன் கட்டியில் ஏற்பி இருப்பது அந்தக் கட்டியின் குணம். எந்த மருந்துக்கு அது மசியும் என்று அதை வைத்துத்தான் முடிவு செய்கிறார்கள். இவர்கள் தேடியது நாம் பிறக்கும்போதே கொண்டுவந்த மாறுதலை. அதை வைத்துக் குட்டிக்கு நல்லதும் சொல்ல முடியாது, கெட்டதும் சொல்ல முடியாது. "பொண்ணைப் பயப்பட வேண்டாம்னு சொல்லுங்க. ஆனா வயசு வந்ததும் ஒழுங்கா படம் எடுத்துக்கச் சொல்லுங்க, அவளே நேர்ல போய்" என்றாள். கடைசி வார்த்தையை அழுத்திச் சொன்னாள், எனக்கு உறைத்தது.

நீ சொன்னது உண்மை. போகவில்லை, பயம்தான். ஆனால் நீ நினைக்கும் பயம் அல்ல. எனக்கும் இருக்கிறது என்று வந்தால் கையைக் காலை உதறி அழுதுவிட்டு உன் பக்கத்துக் கட்டிலில் வந்து படுத்துவிடுவேன். அதற்கு எனக்குப் பயமே இல்லை. இல்லை என்று வந்துவிட்டால் என்ன செய்வது? அதை எந்த வாயால் உன்னிடம் சொல்வது? அதுதான்.

உன் கடிதம் வந்த மறுநாள் போனேன். அதே மருத்துவமனை, அதே நீலத் திரை. உள்ளே இருந்தது வேறு பெண். "பேர் சொல்லுங்க" என்றாள். தொண்டையில் உன் பேர் வந்து நின்றது, அக்கா. சத்தியமாகச் சொல்கிறேன். அந்த மேசைக்கு முன்னால் கடைசியாக நான் சொன்ன பேர் உன்னுடையதுதானே. என் பேரைச் சொல்லி முடிப்பதற்குள் வியர்த்துவிட்டது. இயந்திரத்தின் தட்டு அழுத்தியபோது, "வலிக்குதா? வலிச்சா சொல்லுங்க, இதோ முடிஞ்சுது" என்றாள். வலிக்கட்டும் என்று இருந்தேன். ரிப்போர்ட் அடுத்த வாரம் தருவார்கள். வந்ததும் எழுதுகிறேன்.

இன்னொன்று. எனக்குப் பழக்கமான முடிதிருத்தும் கடைக்காரியிடம் கேட்டிருக்கிறேன், முடியை ஒட்ட எடுத்துவிடுகிறேன் என்றாள். புருவத்தையும் மழித்துக்கொள்கிறேன். அப்போது நான் வந்து நின்றால் உனக்குக் கஷ்டமாக இருக்காது. இரண்டு பேரும் ஒரே மாதிரி இருப்போம். என்ன சொல்கிறாய்? சனிக்கிழமை வரச் சொல்லியிருக்கிறாள், உன் பதில் வரும்வரை தள்ளிப்போடுகிறேன்.

வாலு

*

ஏப்ரல் 21

வாலு,

அடுத்த வாரம் எழுதுகிறேன் என்றாய். அந்த வாரம் போய், அதற்கடுத்ததும் போய்விட்டது. குட்டி தினமும் தபால் பெட்டியைத் திறந்து பார்த்துவிட்டு வந்து உதட்டைப் பிதுக்குகிறாள். நானும் உனக்குப் பதில் எழுதவில்லை. எனக்கு மருத்துவமனை வாசம் ஆகிவிட்டது, படுத்துக்கொண்டேதான் எழுதுகிறேன். எழுத்து மேலும் கீழும் ஓடினால் நீயே ஒரு நல்ல கண்ணாடியாகப் பார்த்துப் போட்டுக்கொண்டு படி.

உன் ரிப்போர்ட் என்னவென்று எனக்குத் தெரிந்துவிட்டது. கெட்ட செய்தியாக இருந்திருந்தால் கடிதமா எழுதிக்கொண்டிருப்பாய்? அன்றைக்கே கிளம்பி வந்து, நான் வராதே என்று சொன்னதையும் மிதித்துக்கொண்டு என் கட்டிலில் ஏறிப் படுத்திருப்பாய். வரவில்லை. எழுதவும் இல்லை. நீ நன்றாக இருக்கிறாய். அதை வைத்துக்கொண்டு திருடி மாதிரி அங்கே ஒளிந்துகொண்டிருக்கிறாய்.

மடச்சி. இதற்குத்தானே உன்னைப் போகச் சொன்னேன்.

பொய் சொல்லவில்லை, முதலில் வயிறு எரிந்தது. ஒரே கருவில் கிடந்தோம், ஒரே ரத்தம், அவளுக்கு மட்டும் ஏன் ஒன்றுமில்லை என்று ஒரு நாள் முழுக்கச் சுவரைப் பார்த்துக்கொண்டே படுத்திருந்தேன். சாயங்காலம் நர்ஸ் வந்து போர்வையைச் சரி செய்தாள். மடிப்புக் கோணலாக இருந்தது, சொல்லலாம் என்று வாயெடுத்தேன். சொல்ல வந்தது போய், அழுகை வந்தது. துக்கம் என்று நினைத்துத்தான் அழுதேன், அழுது முடித்த பிறகு பார்த்தால் அதில் பாதி நிம்மதி. பேய் மாதிரி அழுதேன் என்று அத்தான் சொன்னார். ஏன் எனக்கு என்று உன் டாக்டரம்மாவுக்குத் தெரியாது. ஏன் உனக்கு இல்லை என்றும் அவளுக்குத் தெரியாதே. அந்தத் தெரியாது எனக்குப் பிடித்திருக்கிறது.

நாள் அதிகமில்லை என்று என் டாக்டர் அத்தானை வெளியே கூப்பிட்டுச் சொல்லியிருக்கிறார். எனக்குக் கேட்காது என்று நினைப்பு. உடம்பில் எல்லாம் போய்விட்டது, காது மட்டும் நன்றாகத்தான் இருக்கிறது.

குட்டி நேற்று என் தலைமாட்டில் உட்கார்ந்து போனில் ஏதோ பார்த்துக்கொண்டிருந்தாள். நம் படத்தைப் போட்டால் வயசானதும் எப்படி இருப்போம் என்று காட்டுமாம். தன் படத்தைப் போட்டுப் பார்த்துச் சிரித்தாள். பிறகு என் பழைய படத்தைப் போட்டாள். சிரிக்கவில்லை, போனைக் கவிழ்த்து வைத்துவிட்டாள். "அம்மா, நீ வயசானா எப்படி இருப்பேன்னு எனக்குத் தெரியாமலே போயிடும்ல?" என்றாள். மறைக்கிற வயசா அவளுக்கு? தேம்பித் தேம்பி அழுதாள்.

எனக்கு உன் ஞாபகம் வந்தது. "அதுக்கு எதுக்குடி போனு? உன் சித்தி இருக்காளே" என்றேன். அவள் அழுகையை நிறுத்திவிட்டு என்னைப் பார்த்தாள். நான் உன்னை வராதே என்றது எவ்வளவு பெரிய தப்பு என்று அவள் பார்த்த பார்வையில் தெரிந்தது.

ஆகவே அந்த முடிவெட்டும் கடைக்காரியிடம் போகாதே. மொட்டையாக வந்து நின்றாயானால் உள்ளே விடமாட்டேன். தலையை வாரி, பின்னிக்கொண்டு, அந்த மதியம் நானாகப் போனாயே, அன்றைக்குப் போட்ட பிரேமை மாட்டிக்கொண்டு வா. இந்த அறைச் சுவர்க் கண்ணாடியின்மேலும் போட்டிருந்த துண்டை எடுத்துவிடச் சொல்லியிருக்கிறேன். என் மகள் உன் முகத்தை நன்றாகப் பார்த்துக்கொள்ளட்டும். பிறகு வருஷா வருஷம் படம் எடு. முடி நரைக்கட்டும், சாயம் பூசாதே. கன்னம் தொங்கட்டும், முட்டி வலிக்கட்டும், நீ வாய் ஓயாமல் புலம்பு. அவள் கல்யாணத்தில் முன்வரிசையில் உட்கார். அவள் பிள்ளைகளை மிரட்டு.

ஒரு தடவை எனக்குப் பதிலாக நீ போனாய். இன்னொரு தடவை போடி, வாலு. எனக்குப் பதிலாகக் கிழவியாகு.

வண்டி ஏறுவதற்கு முன்னால் போன் பண்ணு. எடுக்கிறேன்.

அக்கா